அரிச்சல்முனையில் தெரியும் இலங்கை

தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017-இல் தார்ச்சாலை திறந்த பிறகு, சாலை முடியும் அந்த இடத்தில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. வேனை விட்டு இறங்கியதும் பலரும் முதலில் செய்வது கடலைப் பார்த்துக் கையை நீட்டுவதுதான். “அதோ, கறுப்பா ஒரு கோடு தெரியுதுல்ல, அதான் இலங்கை.” பக்கத்தில் நிற்பவர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். “எங்க? ஒண்ணும் தெரியலையே.” இன்னும் இரண்டு நிமிடம் போனால் அவருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவரே பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவார். கைப்பேசி அந்த நேரம் பார்த்து இலங்கை சிக்னலைப் பிடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கணக்கு மட்டும் இடிக்கிறது. அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பூமி வளைந்திருப்பதால், மணலில் நிற்கும் ஒருவருக்கு அடிவானம் நாலரை கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். அக்கரையில் 20 மீட்டர் உயரப் பனை நின்றாலும் அதன் உச்சி அடிவானத்துக்கு அப்பால் இன்னொரு 16 கிலோமீட்டர் வரைதான் எட்டும். இரண்டையும் கூட்டினாலும் பத்துக் கிலோமீட்டர் உதைக்கும். மன்னார் தீவிலோ மலை கிடையாது, எல்லாம் தட்டை நிலம். குளிர்ந்த நீரின்மேல் சூடான காற்று படிந்திருக்கும் அபூர்வமான நேரங்களில் ஒளி வளைந்து தொலைதூரக் கரையை மேலே தூக்கிக் காட்டுவது உண்டு. மற்ற நேரங்களில் அந்தக் கறுப்புக் கோடு ஒரு மணல் திட்டாக இருக்கும், மேகத்தின் அடிவிளிம்பாக இருக்கும், இல்லாவிட்டால் வரிசையாகப் போகும் படகுகளாக இருக்கும்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே இலங்கை தெரிகிறது. அங்கே இலங்கை இருக்கிறது என்பது முன்பே தெரியும். பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. கண்ணுக்கு ஒரு கோடு கிடைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் ஒரு நாடே தயார். அந்தக் காட்சியைத் திருத்த அங்கே எதுவும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். யாரும் நீந்திப் போய்ப் பார்க்கப் போவதில்லை. வேன் கிளம்பும்போது இலங்கையும் கூடவே ஊருக்குப் போகும்.

பார்ப்பது என்றால் கண் படம் பிடித்து மூளைக்கு அனுப்புவது என்றுதான் பள்ளிப் பாடத்திலிருந்து நம் மனத்தில் பதிந்திருக்கிறது. அப்படி ஒரு படம் எங்கேயும் போவதில்லை. விழித்திரையில் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளி உணரும் செல்களே கிடையாது. பிரெஞ்சு அறிஞர் மரியோத் 1660-களிலேயே அந்தக் குருட்டுப் புள்ளியைக் கண்டறிந்துவிட்டார். ஒவ்வொரு கண்ணிலும் ஓர் ஓட்டை இருந்தும், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கடலைப் பார்த்தால் கடலில் ஓட்டை தெரிவதில்லை. சுற்றியிருப்பதை வைத்து மூளை அந்த இடத்தை இட்டு நிரப்பிவிடுகிறது. நம்மிடம் கேட்டுக்கொண்டு செய்வதில்லை.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் 11-ஆம் நூற்றாண்டிலேயே இதைத் தொட்டுவிட்டார். பார்வையில் பாதி, கண் வாங்குவது. மீதி, மனம் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது. அது மின்னல் வேகத்தில் நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை என்பது அவர் வாதம். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதையே நாம் அறியாமல் நடக்கும் ஊகம் என்றார். 1999-இல் ராஜேஷ் ராவும் டானா பல்லார்டும் அதற்கு ஒரு கணித வடிவம் கொடுத்தார்கள். சிந்துவெளி எழுத்து ஆய்வால் நம்மில் பலருக்குத் தெரிந்த அதே ராஜேஷ் ராவ்தான். அவர்கள் சொன்னபடி, மூளையின் மேல் அடுக்கு அடுத்து என்ன வரும் என்று கணித்துக் கீழே அனுப்புகிறது. கணிப்புக்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மேலே திரும்பிப் போகிறது. வழக்கமான ஆளைத் தெருமுனையில் கண்டதுமே டீ போடத் தொடங்கிவிடும் கடைக்காரருக்கு, “இன்னைக்குச் சர்க்கரை வேண்டாம்” என்பது மட்டும்தானே செய்தி? மற்றதெல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். மூளையும் ஏறக்குறைய அப்படித்தான்.

இந்த இடத்தில்தான் பலர் வண்டியைத் தடம் மாற்றிவிடுகிறார்கள். “பார்த்தீங்களா, எல்லாம் மூளையின் கற்பனை, உலகமே மாயை, நீங்கள் நினைப்பதுதான் நிஜம்” என்று வீடியோ போட்டு, கடைசியில் ஒரு பயிற்சி வகுப்புக்குக் கட்டணமும் கேட்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஊகம் என்றால் இஷ்டத்துக்குச் செய்யும் கற்பனை இல்லை. ஊகம் தப்பினால் திருத்துவதற்கு வெளியே ஏதோ ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு அருகில் இருக்கிறது, எவ்வளவு வலுவாகத் திருத்துகிறது என்பதைப் பொறுத்துத்தான் நம் உலகம் உறுதியாகவோ தளர்வாகவோ அமைகிறது. இந்தக் கரையில் அதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு சிப்பி. மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி நகரில் பல சமயத்தாரையும் கேட்டு வரும் மணிமேகலைக்கு, எது சரியான அறிவு என்று ஆராயும் அளவைவாதி ஒருவன் அறிவில் வரும் பிழைகளைப் பட்டியலிடுகிறான். எட்டு வகை. அதில் ஒன்று திரியக் கோடல், அதாவது ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வது. அதற்கு அவன் தரும் எடுத்துக்காட்டு, பளபளக்கும் இப்பியை வெள்ளி என்று நினைப்பது. இன்னொன்று ஐயம்: தூரத்தில் நிற்பது கட்டையா, ஆளா? வடமொழித் தத்துவத்தில் சங்கரர் உட்படப் பலர் அதே சிப்பியை எடுத்துப் பேசியிருக்கிறார்கள். மன்னார் வளைகுடாக் கரையில் நடந்தால் அந்த எடுத்துக்காட்டு காலடியிலேயே கிடக்கும். முத்துச் சிப்பியின் உட்புறம் மாலை வெயிலில் கழன்று விழுந்த கொலுசுத் துண்டு மாதிரி மின்னும். குனிந்து எடுத்தால் சிப்பி.

இந்தப் பிழை எப்படி வந்தது என்பதில்தான் பழைய ஆட்கள் கூர்மையாகச் சண்டை போட்டார்கள். வேத விளக்க மரபில் பிரபாகரரைப் பின்பற்றிய மீமாம்சகர்கள், பிழையே நடக்கவில்லை என்று சாதித்தார்கள். கண் பார்த்தது ஒரு பளபளப்பு, அது சரி. மனம் நினைவிலிருந்து எடுத்தது வெள்ளி, அதுவும் சரி. இரண்டும் வேறு என்று கவனிக்கத் தவறியதுதான் நடந்தது என்றார்கள். நினைவும் காட்சியும் பிரியாமல் ஒட்டிக்கொள்வது பற்றி இன்றைய ஆய்வகங்கள் பேசுவதைப் படிக்கும்போது, இவர்கள் அருகில் வந்து நிற்பது போலவே இருக்கிறது. அவர்கள் நோக்கம் வேறு என்பதை மறந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது, அது வேறு விஷயம்.

சிப்பி ஏன் வெள்ளியாகத் தோன்ற வேண்டும், ஏன் கரியாகத் தோன்றவில்லை? அதன் உட்பூச்சு சுண்ணாம்புத் தகடுகளால் ஆனது. ஒவ்வொரு தகடும் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கனம். ஒளியின் அலைநீளமும் அதே அளவில்தான் இருக்கிறது. அடுக்கடுக்காக மோதித் திரும்பும் ஒளி ஒன்றையொன்று வலுப்படுத்தும், குறைக்கும். அந்த மினுமினுப்பு சிப்பியில் உண்மையாகவே இருக்கிறது. வெள்ளி மட்டும்தான் நம் பங்கு. தவிர, வாழ்க்கையில் வெள்ளியையே பார்க்காத ஒருவருக்கு இந்தத் தவறு நடக்கவும் நடக்காது. பிழை செய்வதற்கும் உலகம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. கையில் எடுத்த மறுகணம் எடை திருத்திவிடும், விவகாரம் முடிந்தது.

எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமில்லை. பௌர்ணமி மாலையில் இராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் நின்றால் கடலிலிருந்து எழும் நிலா தட்டு மாதிரி பெரிதாக இருக்கும். போனை எடுத்துப் படம் பிடித்தால் பொட்டு மாதிரி சிறிதாக விழும். கேமராவில் கோளாறு இல்லை. நிலா அடிவானத்தில் இருந்தாலும் உச்சியில் இருந்தாலும் வானில் அரை டிகிரிதான். கையை நீட்டினால் சுண்டுவிரல் நகம் மறைத்துவிடும். சொல்லப்போனால் அடிவானத்தில் அது நமக்குச் சற்றே தொலைவில் இருப்பதால் மிகக் கொஞ்சம் சிறியது. இதெல்லாம் தெரிந்த பிறகும் நிலா பெரிதாகத்தான் தெரியும். நகத்தை வைத்து அளந்து, கையை எடுத்ததும் மறுபடியும் பெரிதாகிவிடும். அறிவு சொல்வதைக் காட்சி கேட்காது. சிப்பி விஷயத்தில் திருத்த முடிந்தது, நிலாவில் முடியவில்லை. நிலாவைத் தொட்டு, தூக்கி, எடை பார்த்து யாரும் வளர்வதில்லை.

கைதான் பெரிய ஆசிரியர் என்பதைக் கடலுக்குள் இறங்கினால் நன்றாகப் பார்க்கலாம். பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போவார்கள். சேலைக்கு மேல் சட்டை, விரல்களில் துணிச் சுற்று, இடுப்பில் பை, முகத்தில் கண்ணாடி. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, பக்கோடாப் பாசி என்று ஆளாளுக்குத் தேடல். மேலே அலை இழுக்கும், கீழே மணல் கலங்கும், மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பாறை இடுக்கில் எது பாசி, எது வெறும் களை, எது கடல் முள்ளெலி என்று பிரித்தெடுக்க வேண்டும். புதிதாக இறங்குபவருக்கு எல்லாமே ஆடிக்கொண்டிருக்கும் பழுப்பு. அந்த அம்மாக்களுக்கு அதே பழுப்பில் இனம் இனமாகத் தெரியும். அவர்கள் கண்ணுக்குள் கூடுதலாக ஒளி எதுவும் போகவில்லை. எதை எதிர்பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். தப்பாக எதிர்பார்த்தால் முள் குத்தும், பாறை விரலைக் கீறும். நிலாவைப் போல இல்லை. இங்கே திருத்தம் உடனுக்குடன்.

அந்தக் கண்ணாடியே ஒரு பாடம். கண்ணின் குவிக்கும் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கண்ணை முன்னால் மூடியிருக்கும் கார்னியா என்ற தெளிந்த படலத்துடையது. அது காற்றில்தான் வேலை செய்யும். நீரும் அந்தப் படலமும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால், வெறுங்கண்ணோடு முங்கினால் எல்லாம் மங்கல். கண்ணாடி போட்டால் கண்முன் காற்று திரும்பக் கிடைத்துத் தெளிவு வரும். ஆனால் நீரிலிருந்து காற்றுக்குள் ஒளி வரும்போது வளைவதால், நாலடித் தொலைவில் இருப்பது மூன்றடியில் இருப்பது போலவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். புது ஆள் கையை நீட்டினால் பாறைக்கு முன்னாலேயே தண்ணீரைப் பிடிப்பார். பழகியவர் கை சரியாகப் போய் நிற்கும். கண்ணுக்குத் தெரிவதை அவர் மாற்றவில்லை, கண்ணுக்கும் கைக்கும் இடையில் உள்ள கணக்கு மாறியிருக்கிறது. கரையேறிக் கண்ணாடியைக் கழற்றினால் பழைய கணக்கு வந்துவிடும்.

இந்த மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 1890-களில் அமெரிக்கர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் தன்மேலேயே சோதித்துப் பார்த்தார். உலகத்தைத் தலைகீழாகக் காட்டும் கண்ணாடியை எட்டு நாள் மாட்டிக்கொண்டு திரிந்தார். முதலில் தடுமாற்றம், குமட்டல். போகப் போக நடமாட்டம் இயல்பானது. உட்கார்ந்து யோசித்ததால் அந்த இயல்பு வரவில்லை, இடித்துக்கொண்டு நடந்ததால் வந்தது.

வங்கக் கடலுக்கு அப்பால், அந்தமான் கடலின் தாய்லாந்துப் பக்கம், மோக்கன் என்ற கடலோடி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் கண்ணாடியே இல்லாமல் முங்கிச் சிப்பி பொறுக்குவார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த அன்னா கிஸ்லேன் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நீருக்கடியில் அவர்கள் பார்வைக் கூர்மை ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. கண்மணியை இரண்டு மில்லிமீட்டருக்குள் சுருக்கி, கண்ணின் வில்லையை முழுதும் வளைத்துப் பார்க்கிறார்கள். பரம்பரை வரம் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் சில ஆண்டுகள் கழித்து ஐரோப்பியப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது அவர்களுக்கும் அது வந்தது.

சங்கு குளிப்பவர்கள் இறங்கும் ஆழத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. நீர் சிவப்பு ஒளியைச் சீக்கிரம் விழுங்கிவிடும். அந்த ஆழத்தில் விரல் அறுந்தால் ரத்தம் பச்சையும் கறுப்புமாகத்தான் கசியும். மேலே வரும்போது சிவந்துவிடும். ரத்தத்தின் ‘உண்மையான’ நிறம் எது என்று கேட்டால், எந்த வெளிச்சத்தில் என்று திருப்பிக் கேட்பதுதான் சரி.

திருத்தம் கிடைத்தால்தான் பார்வையே உருவாகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹா, பிறவியிலேயே கண்புரையால் பார்வை இழந்த இந்தியப் பிள்ளைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய உதவும் பிரகாஷ் திட்டத்தை நடத்துகிறார். 2011-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், கண் திறந்த ஐந்து பிள்ளைகளுக்குக் கையால் தடவிப் பழகிய பொருளைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. பிறகு மறுபடி சோதித்தபோது, சிலருக்குச் சில நாட்களிலேயே அது கணிசமாகக் கூடிவந்தது. கண் திறந்ததும் உலகம் வந்து நிற்பதில்லை. தொட்டதும் பார்த்ததும் ஒன்று என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆகிறது.

அரிச்சல்முனைக்கு வரும் எல்லோருக்கும் வழிகாட்டிகள் சொல்லும் ஒன்று உண்டு: இந்தப் பக்கம் ஆண் கடல், அந்தப் பக்கம் பெண் கடல். மன்னார் வளைகுடா சீறும், பாக் நீரிணை குளம் மாதிரி கிடக்கும். மே முதல் செப்டம்பர் வரை போனால் அப்படித்தான் இருக்கும்; தென்மேற்குக் காற்று வளைகுடாப் பக்கத்தைப் போட்டு அடிக்கும், வடக்குப் பக்கம் அடங்கியிருக்கும். கோடை விடுமுறையில் வருபவர்கள் பார்த்து, ஒப்புக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை கிளம்பியதும் நிலைமை தலைகீழ். பெண் கடல் கரையை அறையும், ஆண் கடல் சாதுவாக இருக்கும். தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும். காற்று மாறினால் இந்தக் கரையில் தொழில் பண்ணுகிறவர்கள் அந்தக் கரைக்கு வள்ளத்தைக் கொண்டுபோய்விடுவார்கள். சுற்றுலா வந்தவர் மனத்தில் மட்டும் அந்தக் கடலுக்கு ஒரே குணம்தான். ஒரே ஒரு பருவத்தில் பார்த்தவருக்கு அது கடலின் இயல்பாகிவிடுகிறது. மனிதர்களைப் பற்றியும் நாம் இப்படித்தான் முடிவு கட்டுகிறோம் என்று சொல்லத் தோன்றும், சொல்லாமலே விட்டுவிடலாம்.

அதே கடலில் கண்ணுக்கே தெரியாத, ஆனால் மறுக்க முடியாத நிஜம் ஒன்றும் இருக்கிறது. 1974, 1976 ஒப்பந்தங்களில் இந்தியாவும் இலங்கையும் வரைந்துகொண்ட எல்லைக்கோடு. தண்ணீரில் அதற்கு நிறமோ அலையோ கிடையாது. மீனுக்கும் தெரியாது. ஜிபிஎஸ் திரையில் மட்டும் ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டினால் படகு பறிபோகும், ஆள் சிறைக்குப் போகலாம். மனிதர்கள் சேர்ந்து ஒப்புக்கொண்டதாலேயே உண்டான நிஜம் இது. பாறைக்கு இருக்கும் உறுதி இதற்கும் இருக்கிறது. தனி ஒருவர் கண்ணை மாற்றிக்கொண்டால் இது மாறாது. ‘நீங்கள் நினைப்பதுதான் நிஜம்’ என்ற வீடியோக்காரர்களை நாட்டுப்படகில் ஏற்றி ஒரு இரவு அனுப்பினால் தெரியும்.

சரி, பார்க்கிற ‘நான்’? அது மட்டுமாவது திருத்தத்துக்கு அப்பாற்பட்டதா?

இரண்டு மூன்று நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் போய் வந்தவர்களைக் கேட்டால், கரையில் கால் வைத்ததும் தரை ஆடும் என்பார்கள். படுத்தால் பாய் அலையில் ஏறி இறங்கும். தரை ஆடவில்லை. படகின் ஆட்டத்தைக் கணித்து உடம்பை நிலையாக வைக்க மூளை பழகிக்கொண்டது; படகு நின்ற பிறகும் கணிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. ‘நான் அசையாமல் நிற்கிறேன்’ என்கிற, யாரும் சந்தேகிக்காத அந்தச் சாதாரண உணர்வே ஒரு கணக்கின் விடை என்று அப்போதுதான் புரியும். காலையில் எழுந்து நடமாடினால் சரியாகிவிடும்.

உடம்பு எங்கே முடிகிறது என்பதும் கணக்குத்தான். 1996-இல் ஜப்பானில் அட்சுஷி இரிகி குழுவினர் குரங்குகளுக்கு ஒரு வாரியைக் கொடுத்துத் தீனியை இழுத்துக்கொள்ளப் பழக்கினார்கள். கையைச் சுற்றி நடப்பதை மட்டும் கவனித்துவந்த நரம்பணுக்கள், வாரியின் நுனி வரை நடப்பதையும் கவனிக்கத் தொடங்கின. சுக்கானைப் பிடித்திருக்கும் ஆள் நீவாடு, அதாவது நீரோட்டம், மாறியதைக் கையில் உணர்வதாகச் சொல்வதில்லை, தண்ணீரிலேயே உணர்வதாகத்தான் சொல்வார். பேச்சுக்குச் சொல்வதில்லை அது. 1998-இல் போட்வினிக்கும் கோஹனும் இதை இன்னும் விநோதமாகக் காட்டினார்கள். ஒருவர் கையை மறைத்துவிட்டு, முன்னால் ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் தடவினார்கள். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கை தன் கை என்று தோன்றிவிட்டது. உன் கை எங்கே என்று கேட்டால் ரப்பர் கை பக்கமாகக் காட்டினார்கள். தடவும் நேரம் முன்பின்னானால் மயக்கம் பலிப்பதில்லை. ‘என்னுடையது’ என்ற முத்திரை பிறப்பிலேயே குத்தப்பட்டது இல்லை. பார்ப்பதும் உணர்வதும் ஒத்துப்போகும்வரை ஒவ்வொரு கணமும் புதிதாகக் குத்தப்படுகிறது.

அந்த முத்திரையால்தான் நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடிவதில்லை. என் விரல் எங்கே படப்போகிறது என்று என் மூளைக்கு முன்பே தெரியும். தெரிந்த செய்தியை அது அமுக்கிவிடும். மனத்துக்குள் பேசிக்கொள்ளும்போதும் இது என் பேச்சுதான் என்று அதேபோல் முத்திரை விழுகிறது என்கிறார்கள். அது விழத் தவறினால் என்ன ஆகும்? உள்ளே எழும் சொல், வெளியிலிருந்து யாரோ பேசுவதாகக் கேட்கும். குரல் கேட்கும் அனுபவத்துக்கு இன்று சொல்லப்படும் முக்கியமான விளக்கங்களில் இது ஒன்று. சாரா-ஜேன் பிளேக்மோர் குழு 2000-இல் காட்டியபடி, அப்படிக் குரல் கேட்பவர்களுக்குத் தம் கை தொடுவதும் பிறர் கை தொடுவதும் ஏறக்குறைய ஒரே அளவு உறைக்கிறது. காட்சி விஷயத்தில் கை வந்து திருத்தியது. இங்கே திருத்த வேண்டிய கருவியே பழுதாகியிருக்கிறது. ‘அப்படி ஒன்றும் இல்லை, உன் பிரமை’ என்று பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு சொன்னாலும் ஏறாததற்குக் காரணம் இதுதான். அவருக்கு உண்மையிலேயே கேட்கிறது.

இந்தக் கரையில் இதைப் பேசிவிட்டு ஏர்வாடியைப் பேசாமல் போக முடியாது. மனநோய் கண்டவர்களை எல்லா மதத்தவரும் அழைத்துவந்து தங்கவைக்கும் தர்கா அது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, அங்கே இருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். பலர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்தது. பிரமையில் இருந்தவர்கள் உள்ளே கட்டப்பட்டிருந்தவர்கள் மட்டும்தானா என்று கேட்கலாம். கத்துகிற ஒருவரைப் பார்த்தால் ஆபத்து என்று மட்டும் தெரிந்த கண்களும் எதையோ இட்டு நிரப்பிக்கொண்டுதான் பார்த்தன. அந்தப் பார்வையைத் திருத்த 28 உயிரும் ஒரு சட்டமும் தேவைப்பட்டன.

நோய் பொது, அது பேசும் பேச்சு ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்க மானிடவியலாளர் தன்யா லூர்மன், சென்னை மனநல ஆய்வாளர்களோடும் கானா நாட்டவர்களோடும் சேர்ந்து, கலிபோர்னியா, அக்ரா, சென்னை மூன்று இடங்களிலும் இருபது இருபது பேரிடம் நீண்ட நேரம் பேசினார். எல்லோரும் குரல் கேட்பவர்கள். கலிபோர்னியாக்காரர்களுக்குப் பெரும்பாலும் முகம் தெரியாத குரல், வன்முறையான கட்டளை. நோயின் அறிகுறி என்றே சொன்னார்கள். சென்னையில் பலருக்குப் பேசியது சொந்தக்காரர்கள். குளி, சாப்பிடு, கடைக்குப் போ என்று அதட்டும் அம்மா, மாமியார், அக்கா. திட்டுவார்கள்தான், ஆனால் தெரிந்தவர்கள். அறுபது பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனால் ‘நான்’ என்பதன் சுவர் எங்கே எழுப்பப்படுகிறது என்பதில் வளர்ந்த வீட்டுக்கும் பங்கு உண்டு என்று நினைக்க இடம் இருக்கிறது. தன் தலைக்குள் தான் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று பழகியவருக்கு வேற்றுக்குரல் அத்துமீறல். எந்நேரமும் நாலு பேர் புத்தி சொல்லும் வீட்டில் வளர்ந்தவருக்கு அது ஐந்தாவது ஆள்.

இராமநாதபுரம் நகரத்தில், லட்சுமிபுரத்தில்தான் தாயுமானவர் சமாதி இருக்கிறது. மதயானையையும் புலியையும்கூட அடக்கிவிடலாம், மனத்தை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று பாடியவர். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதுதான் மூளையின் சில பகுதிகள் கூடுதலாக வேலை செய்கின்றன என்று மார்க்கஸ் ரெய்க்ல் 2001-இல் எழுதினார். தன்னைப் பற்றிய நினைப்பு, நேற்றைய பேச்சு, நாளைய கவலை எல்லாம் அங்கேதான் ஓடுகிறது என்பது பிறகு வந்த ஆய்வுகள். சும்மா இருப்பது ஏன் சும்மா இல்லை என்பதற்கு இதுவும் ஒரு பதில்.

ஏர்வாடியில் இப்போது தர்கா வளாகத்தையொட்டியே அரசு மனநலச் சிகிச்சை தருகிறது. துவாவோடு தவா, அதாவது பிரார்த்தனையோடு மருந்து, என்ற திட்டம். பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, நம்பிக்கைக்குள் மருத்துவர் எதற்கு என்பவர்களும் உண்டு. செயல்படும் விதத்தைப் பார்த்தால் எனக்கு இது புத்திசாலித்தனமாகவே படுகிறது. வருகிற குடும்பத்திடம் ‘செய்வினை இல்லை, நோய் என்று முதலில் ஒப்புக்கொள், அப்புறம் மாத்திரை’ என்று கேட்டால் பாதிப் பேர் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். இங்கே அந்த நிபந்தனை இல்லை. ஓதுவது ஓதலாம், மாத்திரையையும் விழுங்கலாம். நாலு வாரத்தில் தூக்கம் வருகிறது, குரல் தணிகிறது என்றால், எதனால் என்ற விளக்கத்தை அந்த வீட்டார் தங்களுக்குள் நிதானமாகப் பேசிக்கொள்ளட்டும். அதுவரை மாத்திரை நிற்காமல் கிடைக்க வேண்டும்.